எல்லா மசோதாவுக்கும் கொறடா உத்தரவு எதற்கு? தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும் வணக்கம்.

அவையில் உங்களில் பலர் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்து பேசுகிறீர்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு எதிர்வரிசையில் ஒருவர் மனம் மாறினாலும் அவரால் மாற்றி வாக்களிக்க முடியாது, ஏனென்றால் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று அவர் கட்சிக் கொறடா, அதாவது அவையில் கட்சி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தக் கட்சி நியமித்தவர், முன்பே உத்தரவு போட்டிருப்பார். மீறினால் பதவி போகலாம். அனுமதி இல்லாமல் வாக்களிக்காமல் இருந்தாலும் அதே கதிதான், 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் தப்பிக்கலாம். உங்களுக்கும் இதே நிலைதான்.

1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பக் கட்சி மாறிய கூத்தை நாடே பார்த்தது. அந்த மாதிரித் தாவல்களை நிறுத்தத்தான் 1985-ல் அரசியலமைப்பின் 52-வது திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது, அந்த நோக்கத்தில் தப்பே இல்லை. ஆனால் இன்று ஒரே ஒரு உறுப்பினர் தன் தொகுதிக்காக ஒரு மசோதாவை எதிர்த்தால் பதவி போகும், மூன்றில் இரண்டு பங்குப் பேர் மொத்தமாக வேறு கட்சியில் இணைந்தால் போகாது. இது எப்படி நியாயம்?

ஆட்சியே கவிழக்கூடிய வாக்கெடுப்புக்கு மட்டும் கொறடா போதும் என்பது புதிய யோசனை இல்லை. 1990-ல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது, 1999-ல் சட்ட ஆணையம் சொன்னது, காங்கிரஸின் மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவே (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தார். ஒன்றும் நகரவில்லை. சட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அந்த வாக்கெடுப்புக்கும் கொறடாதான் உத்தரவு போடுவார். எந்தக் கட்சித் தலைமை தன் கையில் இருக்கும் பிடியைத் தானே விடும்? எதிர்க்கட்சியும் நாளை ஆட்சிக்கு வரும் நினைப்பில் இதைத் தொடுவதில்லை.

மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுக்களைப் பாருங்கள், அங்கே கொறடா கிடையாது, கட்சி பார்க்காமல் பேசுகிறீர்கள், அறிக்கைகளும் உருப்படியாக வருகின்றன. ஆனால் 15-வது மக்களவையில் (2009-14) பத்துக்கு ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போன நிலை மாறி, 17-வதில் (2019-24) ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் போனது. தனிநபர் மசோதாக்களுக்கும் வழி குறுகல்தான். 2015-ல் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமாகி அப்போது ஏறக்குறைய 45 வருடம் ஆகியிருந்தது. மக்களவையில் சிவாவின் மசோதாவுக்கு வழி கிடைக்கவில்லை.

சரி, சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். எல்லா மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அது கட்சியின் முடிவு. நம்பிக்கை வாக்கெடுப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம், பட்ஜெட் இவை தவிர மற்றதற்கு உத்தரவு போட மாட்டோம் என்று ஒரு கட்சி அறிவித்தால் போதும், மற்றவர்களையும் மக்கள் கேட்க ஆரம்பிப்பார்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் உங்கள் தலைமையிடம் இதை எழுத்தில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று தொகுதியில் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்