வினையை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்

ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும்,

வணக்கம். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எஸ் (சப்ஜெக்ட், எழுவாய்), வி (வெர்ப், வினை), ஓ (ஆப்ஜெக்ட், செயப்படுபொருள்), சி (காம்ப்ளிமென்ட், எழுவாயோ செயப்படுபொருளோ யார், எப்படிப்பட்டது என்று சொல்லும் பகுதி), ஏ (அட்வெர்பியல், இடம், காலம் போன்றவற்றைச் சொல்லும் பகுதி) என்று பிரிக்கச் சொல்லும் கேள்வியை நீங்கள் விடுவதே இல்லை. நல்ல கேள்விதான். அதற்கு நீங்கள் சொல்லித்தரும் குறுக்குவழிதான் சரியில்லை. 'ஹூம், வாட்' என்று கேட்டு வரும் பதில் ஆப்ஜெக்ட், 'வேர், வென்' என்று கேட்டு வருவது அட்வெர்பியல், அது இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்கிறீர்கள்.

'ஷீ கால்ட் எ டாக்டர்', 'ஷீ பிகேம் எ டாக்டர்' இரண்டையும் உங்கள் கேள்வியால் சோதித்துப் பாருங்கள். இரண்டிலும் டாக்டர் ஆப்ஜெக்டாகவே வந்து நிற்பார். செயப்பாட்டு வினைக்கு மாற்றினால் வேறுபாடு தெரிந்துவிடும். 'எ டாக்டர் வாஸ் கால்ட்' என்று சொல்லலாம். 'பிகேம்' அதற்கு இடம் கொடுக்காது. முதல் வாக்கியத்தில் ஆட்கள் இரண்டு பேர், இரண்டாவதில் ஒரே ஆள். அதனால் அங்கே டாக்டர் காம்ப்ளிமென்ட்.

'ஷீ புட் த கீ ஆன் த டேபிள்' என்பதில் கடைசி மூன்று சொற்களை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்குமா? 'புட்' பொருளையும் கேட்கும், இடத்தையும் கேட்கும். ஆங்கில இலக்கண அறிஞர் க்வர்க்கும் அவருடன் மூவரும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல் வாக்கிய அமைப்புகளை ஏழாகப் பிரிக்கிறது. அவற்றில் இரண்டில் அட்வெர்பியல் கட்டாயம். எது கட்டாயம், எது விருப்பம் என்பதை முடிவு செய்வது வினைதான்.

வினைகளை டிரான்சிடிவ் (ஆப்ஜெக்ட் கேட்பவை), இன்டிரான்சிடிவ் (கேட்காதவை) என்று இரண்டு பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது அடுத்த சிக்கல். தமிழில் 'கண்ணாடி உடைந்தது', 'கண்ணாடியை உடைத்தான்' என்று வினையின் வடிவமே மாறிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ப்ரோக்' ஒன்றுதான். அதை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? 'த சூப் டேஸ்ட்ஸ் குட்', 'ஷீ டேஸ்டட் த சூப்' என்பவற்றிலும் இதே கதை. தமிழ் மாணவருக்கு இன்னொரு இடறலும் உண்டு. 'அவன் என் தம்பி' என்று வினையே இல்லாமல் பேசிப் பழகியவருக்கு, 'இஸ்' எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். 'ஐ'யும் 'கு'வும் நமக்குச் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம் செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பயிற்சி நூல்களில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை.

அப்புறம், விடைக்குறிப்பு. 'ஐ ஃபவுண்ட் ஹிம் எ குட் டாக்டர்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்காக நல்ல டாக்டரைத் தேடிக் கொடுத்தேன் என்றால் இரண்டு ஆப்ஜெக்ட். அவரே நல்ல டாக்டர் என்று தெரிந்துகொண்டேன் என்றால் ஓர் ஆப்ஜெக்ட், ஒரு காம்ப்ளிமென்ட். இப்படிப்பட்ட வாக்கியத்துக்கு ஒரே விடையை அச்சிட்டு, மற்றதை எழுதியவருக்குப் பூஜ்யம் போடுவது அநியாயம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த பதிப்பில் பிரிக்கும் பயிற்சிக்கு முன்னால், இந்த வினை தன்னோடு என்னவெல்லாம் கேட்கிறது என்று ஒரு கேள்வி வையுங்கள். விடையோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
இலக்கணம் சொல்லித்தரும் ஒருவர்