லைசென்ஸ் தேவையில்லை என்று விற்ற வாக்கி-டாக்கி: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாழை விவசாயி, களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர், இணையவழி விற்பனை நிறுவனம்.

ஐயா,

களக்காட்டு மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை வைத்திருக்கிறேன். இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் காவல் குடிசையிலிருந்து வீட்டுக்குத் தகவல் சொல்லச் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால், தங்கள் தளத்தில் ஒரு ஜோடி வாக்கி-டாக்கி வாங்கினேன். "லைசென்ஸ் தேவையில்லை; போலீஸ், வனத்துறை, பக்கத்து வீட்டுச் செல்போன் பேச்சு எல்லாம் கேட்கலாம்" என்பது விளம்பர வாசகம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் இருந்த தாளில், கருவி இயங்கும் அலைவரிசை 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 வரையும் மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. வாக்கி-டாக்கியை உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பதோ 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதியில், அதுவும் குறைந்த திறனில் இயங்கும் கருவிகளை மட்டுமே. எங்களுக்கென ஒரு சேனலைத் தேடிக் குமிழைத் திருப்பியபோது வனத்துறையினர் தங்களுக்குள் பேசுவது தெளிவாகக் கேட்டது, உடனே அணைத்துவிட்டேன். அவர்கள் பேசியதை இங்கே எழுதுவது முறையல்ல. ஆனால் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊரில், ரோந்து எந்தப் பக்கம் போகிறது என்பது வேட்டைக்காரன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் விற்பனைப் பிரிவு யோசித்ததாகத் தெரியவில்லை.

தங்கள் வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது, "பேசும் பட்டனை அமுக்காமல் கேட்க மட்டும் செய்தால் குற்றமில்லை" என்றார்கள். இந்தப் பதிலைத்தான் நான் முதன்மையாக ஆட்சேபிக்கிறேன். 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் விலக்களிக்கப்படாத கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே தடுக்கிறது; பட்டனை அமுக்கினோமா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தொலைபேசியில் பேசுவதும் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்து, அரசே ஒட்டுக்கேட்பதானாலும் பொதுவாக உள்துறைச் செயலரின் உத்தரவு வேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்க, விவசாயிக்கு அதுவும் வேண்டாம் என்று தங்கள் ஊழியர் சொல்வது வியப்பாக இருக்கிறது.

செல்போன் பேச்சைக் கேட்கலாம் என்பது பச்சைப் பொய். நம் நாட்டில் செல்போன் அலைவரிசைகள் 700 மெகாஹெர்ட்ஸ் அளவிலிருந்துதான் தொடங்குகின்றன. போதாததற்கு அந்தப் பேச்சு குறியாக்கம் செய்யப்பட்டே போகிறது. இந்தக் கருவி அதை எட்டவே எட்டாது. ஆகத் தங்கள் விளம்பரத்தில் நடக்கக்கூடியது சட்டத்துக்கு விரோதம், மற்றது நடக்கவே நடக்காதது. வாக்கி-டாக்கிகளை இணையத்தில் பட்டியலிடுவது குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அலைவரிசையையும் உரிம விவரத்தையும் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. தங்கள் பக்கத்தில் அவை இல்லை. கருவியிலும் வகை ஒப்புதல் எண்ணை, அதாவது இந்த வகைக் கருவிக்கு அரசு ஒப்புதல் தந்ததைக் காட்டும் எண்ணைக் காணவில்லை.

திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று தாங்கள் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. விற்கவே கூடாத பொருளுக்குக் கெடு ஏது? முழுத் தொகையையும் திருப்பித் தந்து, பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் கருவிகளைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, அந்த விளம்பரத்தையும் நீக்க வேண்டும். "தங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று தொடக்கத்திலேயே அறிவித்தீர்கள் அல்லவா, அந்தப் பதிவின் நகலும் எனக்கு வேண்டும். ஊழியர் சொன்ன சட்ட ஆலோசனைக்கு அதுதான் சாட்சி.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகாரைப் பெற்றதற்கு ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது தங்கள் பொறுப்பு. தவறினால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதால், அதற்காக நான் தங்கள் தலைமையகம் வரை வர வேண்டியதில்லை.

இணைப்பு: விளம்பரப் பக்கத்தின் அச்சுப் பிரதி, பில் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
களக்காடு.