காரணம் கேட்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

உங்களில் ஒருவரின் பெயரையும் எழுதவில்லை. ஊர் சின்னது. வாசிக்கும்போதே ஆரைச் சொல்லுகிறேன் என்று உங்களுக்கு விளங்கிவிடும், அது போதும்.

நான் ஒரு பெண். விரும்புவதும் ஒரு பெண்ணைத்தான். வீட்டில் தெரியவந்த நாள்தொட்டு எல்லாரும் காரணம்தான் தேடினார்கள். அப்பாவை முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்ததாலாம். செட்டிகுளம் முகாமில் பெண்களோடேயே வளர்ந்ததாலாம். கைபேசி கெடுத்ததாம். வன்னியில் எதற்கும் சண்டையைக் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். பாதிக்கு மேல் உண்மையும்தான். ஆனால் அதே கூடாரத்தில் என்னோடு படுத்தெழும்பிய அக்காவும் தங்கச்சியும் கலியாணம் கட்டிப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள். என் மனம் எந்தப் பக்கம் என்பது ஷெல்லடிக்கு முந்தியே, ஒட்டுசுட்டானில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எனக்குத் தெரியும்.

சின்னம்மா, முதல் நன்றி உங்களுக்கு. நூல் கட்ட வேணுமென்று என்னை ஏற்றிப்போக வந்தவர்களைப் படலையிலேயே மறித்தீர்கள். "பிள்ளை வேலைக்குப் போறாள், உழைச்சு வீட்டுக்குத் தாறாள். எந்தப் பேய் இதெல்லாம் செய்யும்?" என்று கேட்டீர்கள். பிறகு வெளி அறையைக் கூட்டித் தந்தீர்கள். ஏன், எப்படி என்று ஒரு சொல் கேட்கவில்லை.

வவுனியாவில் என்னைப் பார்த்த வைத்தியர் ஐயாவுக்கு: உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று அம்மாவை இருத்தி வைத்துச் சொன்னீர்கள். மருந்து கேட்ட மாமாவிடம், "இவவுக்கு வேண்டியது நித்திரை. அதை வீட்டில் கெடுக்காதேங்கோ" என்றீர்கள்.

சட்டத்தரணி அக்கா, நீங்கள் ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் 1883 இல் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில், ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளைக் காட்டினீர்கள். 365அ முதலில் ஆண்களைத்தான் பிடித்தது. 1995 திருத்தத்தில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சமத்துவம் வந்த வழியைப் பாருங்கோ! அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும், பிரிவுகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஆனால் என் சம்மதம் இல்லாமல் ஒரு கலியாணத்தையும் பதிய ஏலாது என்று நீங்கள் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காசும் வாங்கவில்லை.

உடுப்புப் பையோடு என்னைக் கிளிநொச்சியில் இறக்கிவிட்டு, ஊரில் வாய் திறக்காத ஓட்டோ அண்ணைக்கும் நன்றி.

வீட்டுக்கார மாமி, "சிநேகிதிகளோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிணற்றடியைக் காட்டப் போனீர்கள். தெரிந்துதான் போனீர்கள் என்று என்னோடு வாழும் இவள் அடித்துச் சொல்லுகிறாள். எனக்குச் சந்தேகம்தான்.

அம்மா, நீங்கள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு எனக்காக நேர்ந்திருக்கிறீர்களாம், சின்னம்மா சொன்னா. என்னை மாற்றித்தரச் சொல்லி நேர்ந்திருந்தால், அது உங்களுக்கும் அம்மாளாச்சிக்கும் இடையிலான கணக்கு. வைகாசியில் நாங்கள் இரண்டு பேரும் வருவோம்.