உள்ளே என்ன செல் என்று வெளியே அச்சிடச் சொல்லுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கும்,

வணக்கம். கோயம்புத்தூரில் மின் சைக்கிளும் மின் ஸ்கூட்டரும் பழுது பார்க்கிறவன் நான். பேட்டரி பேக், அதாவது செல் எனும் சின்னச் சின்ன பேட்டரிகளைச் சேர்த்த கட்டு, கட்டிக்கொடுப்பதும் உண்டு. விதிகளெல்லாம் நீங்கள் போட்டவை, அதனால் அவற்றை உங்களுக்கே ஒப்பிக்கப் போவதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான். கடையில் தனியாக விற்கும் ஒவ்வொரு லித்தியம் பேக்கின் வெளிப்புறத்திலும், உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் செல், எந்த மாடல், எந்த வருடம் எந்த மாதம் தயாரானது என்று அழியாத மையில் அச்சிட்டிருக்க வேண்டும்.

போன வாரம் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. "அண்ணே, மழைக்கு முன்னாடிதான் புது பேட்டரி போட்டேன். பாலம் ஏறினாலே ஆஃப் ஆயிடுதுங்க" என்றார். 48 வோல்ட் பேக். நான்கு நான்கு செல்லாகச் சேர்த்து 13 வரிசை, ஆக 52 செல். முழுச் சார்ஜில் 54.6 வோல்ட் வரவேண்டும், ஆனால் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் குறைந்தது. செல்களைக் காவல் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ்ஸின் வயரில் ஒவ்வொரு வரிசையாக மீட்டரை வைத்தேன். மற்ற வரிசைகளெல்லாம் நாலு வோல்ட்டைத் தாண்டி நிற்க, ஏழாவது மட்டும் மூன்று சொச்சத்தில் கிடந்தது. ஏற்றத்தில் மோட்டார் கரண்டை இழுத்ததும் அந்த வரிசை சரிகிறது, பிஎம்எஸ் வண்டியை நிறுத்திவிடுகிறது. பின்னால் லாரி வருகிறதா என்று பிஎம்எஸ்ஸுக்குத் தெரியாது.

நீல உறையை உரித்தேன். செல்களின் மேல் கசங்காத புது உறை, அதில் கொள்ளளவு 2,600 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சு. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையைப் பிய்த்துவிட்டு அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், புதிதாக அடித்த வெல்டிங் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்த பழைய தழும்புகள். ஏதோ லேப்டாப்பில் உழைத்து ஓய்ந்த செல்களுக்குப் புதுச்சட்டை மாட்டியிருக்கிறார்கள். டெஸ்டரில் போட்டதில் ஒன்றுகூட 1,500ஐத் தொடவில்லை. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கண்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுத்தால் ஒரு செல்லின் தலையில் 3.75 ஆம்பியர் விழும். லேப்டாப்பில் அது அந்த அளவுக்குப் பாடுபட்டதே இல்லை. நிக்கல் என்று விற்ற பட்டையும் முலாம் பூசிய இரும்புதான். காந்தம் இரண்டிலும் ஒட்டும் என்பதால் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கீறிவிட்டு ஒரு ராத்திரி உப்புத்தண்ணீரில் போட்டேன், காலையில் துரு.

விற்ற கடைக்கு அந்தத் தம்பியோடு நானும் போனேன். "சீலை உடைச்சுட்டீங்களேங்க, இனி வாரண்டி கிடையாதுங்க" என்றார்கள், மரியாதையாகத்தான். உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. உடைத்துத் தெரிந்துகொண்டால் கேட்க வாய் இருக்காது. இந்த ஏற்பாடு யாருக்குத் தோதாக இருக்கிறது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டரின் புகையில் அப்பாவும் மகளும் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தத் தம்பியின் வீட்டுக்காரரும் மறக்கவில்லை. வீட்டுக்குள் சார்ஜ் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். தம்பி திண்ணையில் போட்டுவிட்டு, நடுராத்திரி எழுந்து வந்து பேக் சுடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பாராம்.

அந்த வருடத் தீ விபத்துகளுக்குப் பிறகு மின் வண்டிப் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதியை நீங்கள் இறுக்கியது நல்ல காரியம். கம்பெனி வண்டியோடு வருகிற பேக்கில் அதன் பலன் தெரிகிறது. ஆனால் அந்த பேக் ஓய்ந்த பிறகு மனிதர்கள் வாங்கப் போவது எங்கே? என் போன்றவர்களிடமும், கடைத்தெருவிலும், ஆன்லைனிலும்தான். அங்கே உறையில், தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் கொடுக்கும் ஆர் எண் என்ற பதிவு எண் ஒன்று இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்தால் எண் சரியாகவே வரும். அந்த எண்ணுக்குரிய நிறுவனம் இந்தச் செல்லைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. பேர்போன நிறுவனங்களின் 18650 என்ற, லேப்டாப்பில் போடும் அளவுச் செல்லே 3,500 மில்லி ஆம்பியர் மணி பக்கம்தான் நிற்கும். கடையிலோ அதே அளவுச் செல் 9,900 என்ற அச்சோடு கிடைக்கிறது. விஞ்ஞானிகள் ஏன் இன்னும் இந்தக் கடைகளுக்கு வந்து பாடம் கேட்கவில்லையோ!

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வேறு வகைச் செல் போடலாமே என்பீர்கள். போடலாம், நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். எடை கூடும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது. அதற்கும் செங்கல் மாதிரி செல்கள் வருகின்றன, க்யூஆர் கோடு இருந்த இடம் சுரண்டப்பட்டு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "கிரேடு ஏ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சொல்லாமல் விட மனமில்லாத இன்னொன்று. வண்டியோடு சேர்த்து வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே வண்டிக்குப் பேட்டரி மட்டும் வாங்கினால் 18 சதவீதம். இருக்கிற வண்டியை ஓட்டுகிறவன் புது வண்டி வாங்குகிறவனைவிட வசதியானவன் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒழுங்காக பில் போடும் கடை விலையில் தோற்கிறது, லேப்டாப் செல்லுக்குச் சட்டை மாட்டுகிறவன் ஜெயிக்கிறான். இது நிதி அமைச்சகத்தின் காதுக்குப் போகவேண்டியது என்று தெரியும். வழியில் பார்த்தால் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இதைப் படித்துவிட்டுத் தெருப் பட்டறைகளில் பேக் கட்டுவதையே தடை செய்துவிடாதீர்கள். செல்லின் உள் மின்தடையை அளந்து, ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த செல்களாகப் பொறுக்கி, முழு நிக்கலில் வெல்டிங் அடிக்கிறவர்களும் இங்கே இருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டப்படி 2027 பிப்ரவரியிலிருந்து மின் சைக்கிள் பேக்கில் செல்லைத் தனியாகக் கழற்றி மாற்ற வெளி மெக்கானிக்குக்கும் வழி இருந்தாக வேண்டும். அவ்வளவு தூரம்கூட நான் கேட்கவில்லை.

நிறுவனம், மாடல், மாதம், வருடம். இந்த நான்கும் பேக்கின் மேல் வேண்டும். உள்ளே இருப்பது அதற்கு மாறாக இருந்தால், சீல் உடைந்திருந்தாலும் விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இந்த இரண்டையும் விதியாக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய செல்களை எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் அதிகாரி யாராவது வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மின் வண்டி மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்