ஜின்சுவானின் கணக்கு

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரில் வரி விளம்பரம்கூட விடாமல் படிக்கிறாள். சுகுமாரி இன்னும் அந்தக் கூடையைத் திருப்பித் தரவில்லையாமே? விட்டுவிடுடி, இனி வராது.

இந்த செமஸ்டர் 'பாலினமும் சமூகமும்' தாளுக்குச் சீன நாவல் வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னேனே, 'சிவப்பு மாளிகைக் கனவு', அதைப் பற்றித்தான் உன்னிடம் கொட்ட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் சாவ் சுவேச்சின் எழுதியது. மொத்தம் 120 அத்தியாயம். கடைசி 40 யார் எழுதியது என்று இன்னும் சண்டை, அதனால் முதல் 80-ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன். மனிதர் வாழ்ந்து கெட்ட வீட்டுப் பிள்ளை. நான்கிங்கில் அரண்மனைக்குப் பட்டு அனுப்பும் பொறுப்பிலிருந்த குடும்பம், யோங்செங் பேரரசர் காலத்தில் சொத்தெல்லாம் பறிமுதலாயிற்று. யாருக்கு எவ்வளவு என்பதை அவர் ஓரிடத்திலும் விடாமல் எழுதுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வகுப்பே கதாநாயகன் பாவ்யூமேல் பைத்தியமாக இருந்தது. பெண்கள் தண்ணீரால் ஆனவர்கள், ஆண்கள் சேற்றால் ஆனவர்கள் என்று சொல்கிற பையனை யாருக்குத்தான் பிடிக்காது? நீயாக இருந்தால் ஹாஸ்டல் சுவரிலேயே எழுதி வைத்திருப்பாய். 30ஆம் அத்தியாயம் வந்தது வசந்தி, அதோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

கோடை மதியம். பாவ்யூவின் அம்மா வாங் சீமாட்டி படுத்திருக்கிறாள். பணிப்பெண் ஜின்சுவான் கால் பிடித்துவிட்டபடியே தூங்கி வழிகிறாள். பாவ்யூ வந்து சீண்டுகிறான், அம்மாவிடம் கேட்டு உன்னை என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்கிறான். அவளும் விளையாட்டாக ஏதோ சொல்கிறாள். தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்த சீமாட்டி எழுந்து, அறைவது ஜின்சுவானை. பையன் நழுவிவிடுகிறான். இத்தனை வருஷம் இருந்துவிட்டு எந்த முகத்தோடு வெளியே போவேன் என்று அவள் அழுதும் விரட்டிவிடுகிறார்கள். இரண்டு அத்தியாயம் தள்ளி, கிணற்றில் கிடக்கிறாள்.

சீமாட்டியின் தங்கை மகள் பாவ்சாய் பெரியம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள். ஏதோ பொருளைக் கெடுத்துவிட்டாள், கோபத்தில் அடித்தேன் என்று சீமாட்டி மழுப்புகிறாள். கிணற்றடியில் விளையாடும்போது தவறி விழுந்திருப்பாள், ரோஷப்பட்டு விழுந்தாள் என்றால் முட்டாள்தான், கொஞ்சம் வெள்ளி கூடக் கொடுத்தால் தீர்ந்தது என்கிறாள் பாவ்சாய். நாவலிலேயே நிதானமான பெண் அவள்! சவத்துக்கு உடுத்தத் தன் உடையையும் தருகிறாள்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி கட்டுரைக்குப் பதில் பேரேட்டுப் பக்கம் போல எழுதிக் கொடுத்தாள். ஜின்சுவானின் மாதச் சம்பளம் 1 தேல் (அந்தக் காலச் சீன எடை அளவு) வெள்ளி. சாவுக்கு அவள் அம்மாவிடம் கொடுத்தது 50 தேல். வீட்டில் ஒரு நண்டு விருந்துக்கு 20 தேலுக்கு மேல். குடியானவக் குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடும் பணம் என்று கிராமத்திலிருந்து வரும் ஏழை லியூ பாட்டி கணக்குப் போடுகிறாள். ஜின்சுவானின் காலியிடத்துக்காக மற்ற வேலைக்காரர்கள், வீட்டு நிர்வாகம் பார்க்கும் மருமகள் ஷீஃபெங்குக்குப் பரிசு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கடைசியில் அந்த 1 தேல் தங்கை யூசுவானுக்கே போகிறது, அக்காவை அறைந்த அதே அம்மாளிடம் இரட்டைச் சம்பளத்தில் வேலை. "இந்தக் கணக்கில் ஆண்கள் யாருமே வரவில்லை மேடம்" என்று அடியில் எழுதியிருந்தாள்.

அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பட்டம், பதவி, பரீட்சை, சொத்து எல்லாம் ஆண்களுக்கு. தண்டனை கொடுப்பதும் மூடி மறைப்பதும் பெண்களுக்கு விட்ட வேலை. சீமாட்டியை நான் மன்னிக்கமாட்டேன். ஆனால் 33ஆம் அத்தியாயத்தில் பாவ்யூவை அப்பா அடிக்கும்போது, ஐம்பதை நெருங்குகிற எனக்கு இவன் ஒருவன்தானே என்று கதறுகிறாள் பார், மூத்தவன் செத்துப்போனவன். இவன் பெயர் கெட்டால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? பிறகு ஒருநாள் பாவ்யூ ஜின்சுவானை நினைத்து ரகசியமாக ஊருக்கு வெளியே போய்க் கிணற்றடியில் தூபம் போடுகிறான். பையன்கள் அதைச் சொல்லி அவனுக்காக வாதாடினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்திருக்க வேண்டியது அன்றைக்கு, அந்த அறையில்.

உன்னிடம் கேட்க வந்தது இதுதான். ஷீஃபெங் பணிப்பெண்களின் மாதச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தை வட்டிக்கு விடுகிறாள். பேங்கில் கடன் பிரிவில் காலம் தள்ளியவள் நீ. பொங்கலுக்குப் பிறகு ஒரு புதன்கிழமை வந்து பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைப் பிரித்துச் சொல்வாயா? தங்குவது என் வீட்டில்தான். எந்தத் தேதி தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
மீனா