அப்பாவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகவே ஓடிவிட்டது, மன்னியுங்கள்.

அப்பாவுக்கு 76 வயது, ரிட்டயர்டு கண்டக்டர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்று ரத்தம் பார்க்கப் போய், அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்கிற ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் என்கிற முதிராத செல்கள் 38 சதவீதம் என்று வந்து நின்றது. முதலில் போன இடத்தில் "வயசாயிடுச்சு, வீட்லயே வெச்சுப் பாத்துக்கோங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதைக் கேட்டு உட்கார்ந்துவிடாமல் மதுரைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போன சித்தப்பாவுக்குத்தான் முதல் நன்றி.

டாக்டரம்மா, நீங்கள் எதையும் பூசி மெழுகவில்லை. வழக்கமான கடும் கீமோவை இந்த வயதில் உடம்பு தாங்காது, ஏழு நாள் அசாசிடிடின் ஊசியும் கூடவே வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் கொடுக்கலாம், 2020-ல் வந்த ஆய்வில் ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 9.6 மாதம் தாண்டினார்கள், இரண்டும் சேர்ந்தபோது அது 14.7 மாதம் ஆனது என்று அப்பாவை எதிரில் உட்காரவைத்தே சொன்னீர்கள். அவர் டிக்கெட் கணக்கு முடிக்கிற மாதிரி விரல்விட்டு எண்ணி, "அஞ்சு மாசம் லாபம்தானே, போடுங்க" என்றார்.

அப்புறம் பிளேட்லெட், ரத்தத்தை உறையவைக்கிற அணுக்கள். பத்தாயிரத்துக்குக் கீழே போனால் ஏற்றியாக வேண்டும், எடுத்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து மெஷினோடு ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிப்போட்டுப் படுக்க வேண்டும். வந்த ஆறு பேரையும் மறக்கமாட்டேன். ஏழாவதாக வந்த தம்பிக்கு நரம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் போகவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்து போன் போட்டுப் போட்டு, நாலு மணி நேரத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவரை வரவழைத்துவிட்டுத்தான் எழுந்தார். டீ வாங்கிக் கொடுக்கக்கூட விடவில்லை.

மருந்துக்கடை அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஞாபகமில்லாமல் பழைய சீட்டை நீட்டினேன், அதில் வெனிடோக்ளாக்ஸ் 400 மி.கி. நீங்கள்தான் "பூஞ்சைக்கு வொரிகோனசோல் ஓடுதே, அதோட இவ்வளவு கூடாதே" என்று டாக்டருக்கே போன் செய்து 100 என்று உறுதி செய்தீர்கள். அன்று நீங்கள் பேசாமல் எடுத்துக் கொடுத்திருந்தால் என்னாகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைப்பு வருகிறது.

முதல் சைக்கிள், அதாவது முதல் சுற்று மருந்து, முடிந்து மஜ்ஜை பார்த்ததில் பிளாஸ்ட் 3 சதவீதம். குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் தினமும் ரத்த அணுக்களின் கவுண்ட் எழுதி வைக்கிறார், அவ்வளவுதான்.

காய்ச்சல் 100.4-ஐத் தொட்ட அந்த ராத்திரி இரண்டு மணிக்கு லுங்கியோடு வண்டியை எடுத்த ஆட்டோ அண்ணே, திங்கள்கிழமை நாலாவது சைக்கிள். காலை ஏழரைக்கு வந்துவிடுங்கள். வேறு வண்டியில் ஏறமாட்டேன் என்கிறார் அப்பா.