கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அமெரிக்கக் கல்லூரியில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்த செய்தியை நேற்று ஏதோ தோற்றுப்போனவன் போலச் சொன்னாய். "அல்கராஸ் 19 வயசிலேயே யுஎஸ் ஓப்பன் ஜெயிச்சாச்சு. நான் இப்பதான் காலேஜுக்குப் போறேன்" என்றாய். இரவெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

அல்கராஸை விடு. நம் நாட்டு வீரர் சோம்தேவ் தேவ்வர்மனைப் பார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2006இல் கல்லூரி ஒற்றையர் இறுதிப் போட்டியில் தோற்றார். அடுத்த இரண்டு ஆண்டும் பட்டம் அவருக்குத்தான். 2009 ஜனவரியில் வைல்ட் கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தந்த சிறப்பு அழைப்பில், சென்னை ஓப்பனுக்குள் வந்தவர், அங்கே இரண்டு முறை பட்டம் வென்ற கார்லோஸ் மோயாவையே சாய்த்து இறுதிப் போட்டி வரை போனார். அப்போது அவருக்கு 23 வயது. அந்தக் கால்களும் பொறுமையும் கல்லூரியில் உரமேறியவை என்றே நான் நம்புகிறேன்.

2007 கல்லூரி இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் ஜான் இஸ்னர். அதே கோடையில் வாஷிங்டனில் நடந்த தொழில்முறைப் போட்டியில் இஸ்னர் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை மூன்றாவது செட் டைபிரேக்கில், அதாவது கடைசி செட் 6-6 ஆனபின் ஆடும் முடிவு கேமில், ஜெயித்தார். புதிதாகத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவருக்கு அந்த நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது?

கல்லூரி ஆட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? 40-40 ஆனால் இரண்டு பாயிண்ட் முன்னிலை எடுக்கும் அட்வான்டேஜ் முறை கிடையாது, அடுத்த பாயிண்ட்டோடு கேம் முடிந்தது. அணிக் கணக்கில் இரட்டையருக்கு மொத்தமாக ஒரு பாயிண்ட், ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்குத் தலா ஒன்று, முதலில் நான்கு பாயிண்ட் எடுக்கும் அணிக்கு வெற்றி. பக்கத்து கோர்ட்டில் உன் அணிக்காரன் தடுமாறுவது காதில் விழும். சில நாள் 3-3 என்று நிற்கும், உன் ஆட்டம் மட்டும் மிச்சம் இருக்கும். மொத்த அணியும் வேலியோரம் வந்து நிற்கும். அப்படி நான்கு வருடம் ஆடியவனுக்கு டைபிரேக் புதிதில்லை.

கஷ்டம் கல்லூரி முடிந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போன அப்புறம்தான். 15,000 டாலர் மொத்தப் பரிசுள்ள அடிமட்டப் போட்டிகளில் கைதட்ட ஆள் இருக்காது. முதல் சுற்றில் தோற்றால் தனியாக உட்கார்ந்து அடுத்த ஊருக்கு டிக்கெட் தேட வேண்டும். கல்லூரியில் கூட்டத்தோடு ஆடிப் பழகியவர்களை அந்தத் தனிமை ரொம்பவே உலுக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல விஷயம்: 2023இலிருந்து கல்லூரி ரேங்கிங்கில் முதல் 20 பேருக்குள் வந்தால், அதற்கு மேல்படியான சேலஞ்சர் போட்டிகளில் மெயின் டிராவிலோ (பிரதானச் சுற்று) தகுதிச் சுற்றிலோ இடம் தருகிறது ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி. எல்லாப் படிகளையும் அடியிலிருந்து ஏற வேண்டியதில்லை.

சரி, கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் இரட்டையர் மட்டும் ஆடுவோம். நெட்டுக்கு வரவே நீ தயங்குகிறாய். கல்லூரியில் அணியின் முதல் பாயிண்ட் இரட்டையரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு கோர்ட்டுக்கு வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்